வளவு காத்த நாய் இறந்தபோது

2011 ஆம் ஆண்டு மாரி காலம். வன்னியில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் விதைநெல் பங்கீடு பற்றிப் பேசும் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். பெயர்ப் பட்டியலில் இருந்த ஒரு குடும்பத்திலிருந்து மட்டும் எவரும் வரவில்லை. விதைநெல் கிடைக்கும் நாளை ஒரு விவசாயி தவறவிடுவது வழமையல்ல. எனவே கூட்டம் முடிந்ததும் அவர்களுடைய வளவுக்குச் சென்றேன். தறப்பாள் போட்ட கொட்டிலின் முன்னால் வீட்டுக்காரர் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொன்னால் சிரிப்பியள் சுவாமி. எங்கட நாய் செத்துப் போச்சு. மனுசி மூண்டு நாளாய் வாயில ஒண்டும் வைக்கேல்லை" என்றார்.

நான் சிரிக்கவில்லை. ஆனால் நான் சிரிப்பேன் என்று அவர் எதிர்பார்த்தாரே, அதுதான் என்னை வருத்தியது. உறவுகளையும் வீட்டையும் மாடுகளையும் பறிகொடுத்த மக்கள் நடுவே, ஒரு நாய்க்காக அழுவது வெட்கத்துக்குரியது என்று அவர் நினைத்திருந்தார். அயலிலும் அப்படித்தான் பேசியிருக்கிறார்கள். "சனம் செத்த மண்ணில நாய்க்கு ஒப்பாரியோ?" என்று ஒருவர் கேட்டாராம்.

அந்தக் கேள்வியை அன்று தொடக்கம் நான் பல ஊர்களில் பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். வளர்த்த நாய் இறந்தால் வரும் துயரம் எத்தகையது, அதை எப்படித் தாங்குவது, பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது, உடலை எப்படி அடக்குவது, எந்தச் சாவில் அவதானம் வேண்டும் என்பவற்றை இங்கு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாயும் விவசாயியும்

நகரத்து வீட்டில் நாய் ஒரு துணை. தோட்டக்காரனுக்கும் வயற்காரனுக்கும் அது துணை மாத்திரமல்ல, தொழிலாளியும் ஆகும். இரவில் மரவள்ளிக்குப் பன்றி வந்தால் முதலில் அறிவது நாய். குரங்கையும் மயிலையும் கலைப்பது நாய். யானை வேலியோரம் நிற்பதைக் குரல் மாற்றிக் குரைத்து உணர்த்துவதும் அதுவே. இரவுக் காவலுக்குப் பரணில் படுத்தவர்களுக்கு, கீழே படுத்திருக்கும் நாயின் மூச்சுச் சத்தம் எத்தனை பெரிய தைரியம் என்பது தெரியும்.

இந்த உறவு மிகப் பழையது. 1914 ஆம் ஆண்டில் ஜேர்மனியில், பொன் நகருக்கு அண்மையிலுள்ள ஒபர்காசல் என்னும் இடத்தில் கல் உடைத்த தொழிலாளர்கள் ஒரு புதைகுழியைக் கண்டனர். ஓர் ஆண், ஒரு பெண், அவர்களுடன் ஒரு நாய். காலம் ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அந்த நாய் ஓர் ஆண்டும் நிரம்பாத குட்டி. அதன் பற்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், அது கடும் நோயினால் வாரக்கணக்கில் துன்பப்பட்டிருந்தது என்றும், மனிதர் பராமரிக்காமல் அது அவ்வளவு நாள் உயிர் தப்பியிருக்க முடியாது என்றும் கண்டனர். வேட்டைக்கும் உதவாத, காவலுக்கும் உதவாத நோயாளிக் குட்டியை அந்த ஆதி மனிதர் தண்ணீர் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பின்னர் தம்முடனேயே புதைத்திருக்கிறார்கள்.

எமது தமிழிலும் சான்று உண்டு. தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தன் எருமைகளின் பொருட்டுப் பொருது இறந்த ஒரு வீரனுக்காக நடப்பட்ட கல் அது. வீரனின் உருவத்துடன் அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. நாய் இரண்டு கள்வரைக் கடித்து நின்று காத்தது என்ற செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளது. அந்த நாயின் பெயரும் கல்லில் இருக்கிறது: கோவிவன். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மந்தைக் காவல் நாயின் பெயர் அழியாமல் நிற்கிறது. தங்கள் நாய்க்காக அழுவதை வெட்கமாக எண்ணுபவர்கள் அந்தக் கல்லை நினைத்துக்கொள்ளட்டும்.

துயரத்துக்கும் உரிமை வேண்டும்

கெனத் டோக்கா என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1989 ஆம் ஆண்டில் ஒரு கருத்தை எடுத்துரைத்தார். சில துயரங்களைச் சமூகம் துயரமாக ஏற்றுக்கொள்வதில்லை. அவற்றுக்குச் செத்தவீடு இல்லை, எட்டுச் செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை, நினைவுப் பூசை இல்லை. ஆறுதல் சொல்ல எவரும் படலை திறந்து வருவதில்லை. அப்படிப்பட்ட துயரத்தை அவர் உரிமை மறுக்கப்பட்ட துயரம் என்றார். வெளியே காட்ட முடியாதபடியால் அது உள்ளே தங்கிவிடுகிறது. வளர்த்த பிராணியின் சாவு இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

நாயின் இழப்பு அன்றாடத்தில்தான் உறைக்கும். காலையில் படலையைத் திறக்கும்போது கால் தானாகவே விலகி வைக்கிறது, ஏனெனில் அது அங்கே படுத்திருக்கும். மீன் தலையை ஒதுக்கி வைத்த பின்னர்தான் தின்ன ஆளில்லை என்பது நினைவு வருகிறது. பின்னேரம் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பும்போது ஓடிவரும் உயிர் இல்லை. இரவில் அது குரைத்தது போலக் கேட்கும். இவை எவையும் மனக்கோளாறு அல்ல. பல ஆண்டுகள் பழகிய உடம்பும் காதும், இழப்பை ஏற்றுக்கொள்ளக் காலம் எடுக்கின்றன.

நித்திரை குறைதல், பசியின்மை, வேலையில் மனம் செல்லாமை, கோபம், "நான் நேரத்தோடு கவனித்திருந்தால்" என்ற குற்றவுணர்வு ஆகியவை முதற் கிழமைகளில் இயல்பானவை. சிலருக்கு விரைவில் ஆறும், சிலருக்கு மாதங்கள் செல்லும். இதற்குக் கணக்கு இல்லை. ஆனால் கிழமைகள் பல சென்றும் ஒருவர் சாப்பிடாமல், எழும்பாமல், எவருடனும் பேசாமல் இருந்தாலோ, தானும் செத்துப்போனால் நல்லது என்று சொன்னாலோ, அதை நாய்த் துக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துடனும் பேசலாம்.

ஏன் தள்ளிவிடக் கூடாது என்பதை அன்று அந்தக் கொட்டிலில் கற்றுக்கொண்டேன். நான் உள்ளே சென்று அந்த அம்மாவின் அருகில் அமர்ந்தேன். நாய் எப்படி வந்தது என்று மட்டும் கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார். முகாமிலிருந்து திரும்பி வந்தபோது காணி முழுதும் பற்றை. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும். அந்த அத்திவாரத்தின் மேல் ஒரு மெலிந்த நாய் படுத்திருந்தது. இடம்பெயர்ந்தபோது விட்டுச் சென்ற தங்கள் பழைய நாயின் நெற்றியில் இருந்த அதே வெள்ளை இதற்கும் இருந்ததாம். "அதின்ர பேரனோ பூட்டனோ தெரியாது சுவாமி. ஆனா காணியை விட்டிட்டுப் போகேல்லை" என்றார். அந்த நாயை ரைகர் என்று பழைய பெயராலேயே கூப்பிட்டார்கள். மூன்று இரவுகளுக்கு முன்னர் கொட்டிலுக்குள் நுழைய வந்த புடையனை அது மறித்திருக்கிறது. பாம்பு நாயைத் தீண்டிவிட்டது. விடியுமுன் அது செத்துவிட்டது.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் சொன்னார்: "2009 இல என்ர மகன் போன நேரம் அழ நேரம் இருக்கேல்லை சுவாமி. மற்றதுகளை இழுத்துக்கொண்டு ஓடவேண்டிக் கிடந்தது. இப்பதான் அழுறன்."

அவர் நாய்க்காகவும் அழுதார், மகனுக்காகவும் அழுதார். இரண்டும் ஒரே அழுகையாக வந்தது. எமது மக்களில் அநேகர் இப்படித்தான் இருக்கிறார்கள். ஓடும்போது அழ முடியாது. முகாமில் வரிசையில் நிற்கும்போதும் அழ முடியாது. பின்னர் ஒரு நாள் ஒரு கன்றுக்குட்டி செத்தாலோ, நட்ட தென்னம்பிள்ளை பட்டாலோ, வளர்த்த நாய் போனாலோ அடைபட்டிருந்த துயரம் எல்லாம் சேர்ந்து வெளியே வருகிறது. அப்படி அழுகிறவரிடம் "ஒரு நாய்க்கு இவ்வளவோ?" என்று கேட்பது, அவர் பல ஆண்டுகள் தள்ளிப்போட்ட அழுகையை மீண்டும் அடைத்துவிடுவதாகும்.

ஆகவே அயலவர் செய்யக்கூடியது மிகச் சிறியது. போய் அருகில் இருங்கள். தேநீர் ஒன்று ஊற்றிக் கொடுங்கள். அந்த நாயைப் பற்றிக் கேளுங்கள். "வேறொன்று எடுத்து வளர்க்கலாம்" என்று அன்றைக்கே சொல்லாதீர்கள்.

விட்டுவந்த நாய்

இறந்த நாயை விட, விட்டுவந்த நாய் பலருடைய மனதை அதிகம் அரிக்கிறது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் மழையில் நனைந்தபடி தென்மராட்சியை நோக்கி நடந்தனர். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஓர் இடத்தில் கொட்டில் போட்டு, பின் அதைப் பிரித்து அடுத்த இடத்துக்கு என்று பல தடவைகள் நகர்ந்தனர். அந்தப் பயணங்களில் நாய்கள் பின்னால் ஓடிவந்தன. சில தூரம் வந்து நின்றுவிட்டன. சில கட்டியபடியே வீட்டில் விடப்பட்டன, ஏனெனில் இரண்டு நாளில் திரும்பி வரலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"கயிறை அவிழ்த்துவிடாமல் வந்திட்டன்" என்று ஒரு முதியவர் இருபது ஆண்டுகள் கழித்து என்னிடம் சொல்லி அழுததுண்டு. இது தனியொருவரின் பலவீனம் அல்ல. 2005 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரை கத்ரீனா சூறாவளி தாக்கியபோது, வளர்ப்புப் பிராணிகளை ஏற்றமாட்டோம் என்று மீட்புப் பணியாளர் சொன்னதால், வீட்டை விட்டு வர மறுத்தவர்கள் பலர். இதன் பின்னர் 2006 ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. அனர்த்த காலத் திட்டங்களில் மக்களுடைய வளர்ப்புப் பிராணிகளையும் கருத்தில் கொள்ளவேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். செல்வந்த நாட்டிலும் மனிதர் இதே வேதனையைப் பட்டிருக்கிறார்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

என்ன ஆனது என்று தெரியாத இழப்புக்கு ஒரு தனிக் கொடுமை உண்டு. செத்ததா, எவராவது எடுத்து வளர்த்தார்களா, காத்திருந்ததா என்று மனம் முடிவின்றிச் சுற்றுகிறது. போலின் பொஸ் என்னும் உளநல அறிஞர் இதைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு ஆராய்ந்தார். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு இது என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. நாயின் இழப்பை அதனோடு ஒப்பிடவில்லை. ஆனால் மனம் சுற்றும் விதம் ஒன்றுதான்.

இத்தகையோருக்கு மூன்று விடயங்களைச் சொல்வேன். முதலாவது, அன்று உங்கள் கையில் இருந்தது பிள்ளையின் கை. நாயின் கயிறைப் பிடிக்க இன்னொரு கை இருக்கவில்லை. அது கைவிடுதல் அல்ல. இரண்டாவது, அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நாயின் பெயரை, அதன் குறும்பை, கடைசியாகக் கண்ட இடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மூன்றாவது, உடல் இல்லாவிட்டாலும் ஓர் அடையாளம் வைக்கலாம். திரும்பிச் சென்ற காணியில் அதன் நினைவாக ஒரு மரம் நட்டவர்களை நான் அறிவேன்.

இனி வருங்காலத்துக்கு ஒரு வார்த்தை. வெள்ளமோ புயலோ எச்சரிக்கை வரும்போது நாயைக் கூட்டிச் செல்ல முடியாவிட்டால், கயிறையோ சங்கிலியையோ அவிழ்த்துவிடுங்கள். மாடு ஆடுகளின் கட்டையும் தளர்த்திவிடுங்கள். கட்டி வைத்த பிராணிக்கு உயிர் தப்ப வழியே இல்லை. அவிழ்த்த பிராணி மேட்டைத் தேடும்.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது

பல பிள்ளைகள் முதன்முதலில் அருகிருந்து காணும் சாவு, வீட்டு நாயின் சாவாகவே இருக்கும். அன்று நாம் சொல்வது அவர்கள் மனதில் நெடுங்காலம் நிற்கும்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சாவு திரும்பி வராதது என்பது விளங்காது. "நாளைக்கு எழும்புமோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்கும். பொறுமையாக ஒரே பதிலைச் சொல்லுங்கள்: "இல்லைப் பிள்ளை, அது செத்துப்போச்சு. அதின்ர உடம்பு இனி வேலை செய்யாது. அதுக்கு இப்ப நோவும் இல்லை." "நித்திரை கொள்ளுது" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் சில பிள்ளைகள் தாங்கள் நித்திரை கொள்ளவே அஞ்சும். "தூர இடத்துக்குப் போட்டுது" என்றும் சொல்லாதீர்கள். அப்பாவும் வேலைக்குத் தூர இடத்துக்குப் போகிறவராக இருந்தால் அது என்ன நினைக்கும்?

ஐந்து தொடக்கம் ஒன்பது வயது வரையான பிள்ளைகள் சாவு முடிவானது என்பதை மெல்ல மெல்ல அறிகிறார்கள். ஆனால் தாங்கள் செய்த ஏதோ ஒன்றுதான் காரணம் என்று எண்ணுவதுண்டு. "நான் அதுக்கு ஏசினபடியால செத்ததோ?" என்று கேளாமலே மனதில் வைத்திருப்பார்கள். நீங்களாகவே சொல்லுங்கள்: "இது உன்ர பிழை இல்லை." பெரிய பிள்ளைகள் அழுவதை மறைப்பார்கள். ஆண் பிள்ளை அழக்கூடாது என்று அவர்களை அடக்காதீர்கள். தகப்பன் அழுவதைக் கண்ட மகன் அதனால் கெட்டுப்போவதில்லை.

அடக்கம் செய்யும்போது பிள்ளைகள் விரும்பினால் பக்கத்தில் நிற்கட்டும், ஒரு பிடி மண் போடட்டும். விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். ஆனால் விசர்நோய் என்று சந்தேகம் இருந்தால் பிள்ளைகளைக் கிட்ட விடவே கூடாது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

"நாய் மோட்சத்துக்குப் போகுமோ சுவாமி?" என்று அந்த வீட்டுச் சின்ன மகள் என்னிடம் கேட்டாள். வேதாகமத்தில் தோபித்து நூலில் இளைஞன் தோபியா தூர தேசம் போகும்போது அவனுடைய நாயும் கூடவே போகிறது, திரும்பி வரும்போதும் கூடவே வருகிறது என்ற கதையை அவளுக்குச் சொன்னேன். பக்கத்தில் இருந்த சைவக்கார ஆச்சி உடனே, வைரவருக்கு நாய்தானே வாகனம் என்றார். தருமர் தன்னோடு வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று நின்ற மகாபாரதக் கதையையும் அவரே சொன்னார். பிள்ளை இரண்டு கதையையும் கேட்டுக்கொண்டு, மண் போடப் போகலாமா என்று கேட்டாள்.

வருத்தத்தில் கிடக்கும் நாய்

நாட்டு நாய்கள் நன்கு கவனித்தால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழும். முதுமையிலோ தீரா நோயிலோ நாய் எழும்ப முடியாமல், தின்னாமல், தண்ணீரும் குடியாமல், தன் அழுக்கிலேயே கிடந்து முனகினால் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். குணப்படுத்த வழியில்லையெனில் அவர் ஊசி மூலம் நோவில்லாமல் உயிரை முடித்துவைப்பார். இதைக் கொலை என்று எண்ணித் தங்களைத் தாங்களே வதைப்பவர்கள் உண்டு. நோவை நீடிக்க விடாமல் இருப்பதும் வளர்த்தவரின் கடமையே. ஆனால் தடியால் அடிப்பதும், பூச்சிநாசினி வைப்பதும், காட்டில் கொண்டுபோய் விடுவதும் கொடுமை. பூச்சிநாசினி வைத்தால் வேறு பிராணிகளும் சாகும், சில வேளை பிள்ளைகளுக்கும் ஆபத்து.

அடக்கம் செய்யும் முறை

இறந்த நாயைக் குளத்திலோ வாய்க்காலிலோ குப்பை மேட்டிலோ எறிவது சுகாதாரக் கேடு. வளர்த்தவர் மனதுக்கும் அது ஆறாத புண்ணாகிவிடும். பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

முதலாவதாக, இடம். மீள்குடியேறிய பிரதேசத்தில் கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்படாத நிலத்தில் எக்காரணம் கொண்டும் மண்வெட்டி போடாதீர்கள். வளவின் ஓரம் என்றாலும் பற்றைக் காணியாக இருந்தால் அவதானம் வேண்டும்.

இரண்டாவதாக, கிணறு. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 100 அடி தூரம் விடுங்கள். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் நிலம். அதன் வெடிப்புகளூடாக அழுக்கு நீர் விரைவாகக் கிணற்றுக்குச் சென்றுவிடும். வன்னியில் மாரி காலத்தில் நிலத்தடி நீர் மேலே எழும்பும். ஆகவே தாழ்ந்த இடத்தையும் வெள்ளம் ஓடும் இடத்தையும் தவிர்த்து மேடான இடத்தைத் தெரிவு செய்யுங்கள்.

மூன்றாவதாக, ஆழம். உடலின் மேல் குறைந்தது மூன்று அடி மண் இருக்கத்தக்கதாக வெட்டுங்கள். உடலைப் பழைய சாக்கிலோ துணியிலோ சுற்றலாம், பொலித்தீனில் சுற்றினால் உக்காது. மேலே கற்களை அல்லது முள்ளுக் கிளைகளை வையுங்கள். இல்லையேல் நரியும் நாய்களும் கிண்டிவிடும். ஊசி மூலம் உயிர் முடிக்கப்பட்ட நாயின் உடலைத் தின்னும் பிராணிக்கும் அந்த மருந்து நஞ்சாகலாம் என்பதால் ஆழம் மிக முக்கியம்.

முகாமிலோ உறவினர் காணியிலோ வாழ்பவர்களுக்குச் சொந்தமாகக் குழி வெட்ட நிலம் இல்லை. அவ்வாறானவர்கள் கிராம அலுவலரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ இடம் கேளுங்கள். அதைக் கேட்பதில் வெட்கமில்லை.

காரணம் தெரியாத சாவு

துக்கத்தின் நடுவிலும் ஒரு கேள்வியை விடக்கூடாது: நாய் எதனால் செத்தது? திடீரெனக் குணம் மாறி, காரணமின்றிக் கடித்து, அல்லது இருட்டு மூலையில் ஒதுங்கி, வீணீர் ஒழுக, கீழ்த்தாடை தொங்க, குரைக்கும் குரல் மாறி, பின்னங்கால் இழுபட்டுச் சில நாட்களில் செத்திருந்தால் அது விசர்நோயாக இருக்கலாம். எல்லா விசர் நாயும் ஓடித் திரிந்து கடிப்பதில்லை. சில அமைதியாகவே கிடந்து சாகும். அன்பு காரணமாக அப்படிப்பட்ட நாயின் வாயைத் திறந்து தண்ணீர் பருக்க முயல்பவர்களே அதிக ஆபத்தில் இருக்கிறார்கள். மாட்டுக்கும் இந்நோய் வரும். தொண்டையில் ஏதோ அடைத்துவிட்டது என்று எண்ணிக் கையை விட்டுப் பார்க்கும் வழக்கம் எம்மவரிடம் உண்டு. அதைச் செய்யாதீர்கள்.

விசர்நோய் அறிகுறி மனிதருக்கு வெளிப்பட்ட பின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால் அறிகுறி வருமுன் ஊசி போட்டால் தடுக்கலாம். கடித்தாலோ, கீறினாலோ, காயத்தில் வீணீர் பட்டாலோ உடனே சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் பூசாதீர்கள். அன்றே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கு ஊசி இலவசம். கர்ப்பிணிகளும் போடலாம். நோய் பொதுவாக ஒன்று தொடக்கம் மூன்று மாதங்களில் வெளிப்படும், சில வேளை ஓர் ஆண்டுக்கு மேலும் செல்லும். ஆகவே நாய் செத்துக் கிழமைகள் சென்றிருந்தாலும், கடிபட்டவர் "இனி என்ன" என்று இருந்துவிடக் கூடாது.

சந்தேகமான நாய் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், புதைக்கவும் அவசரப்படாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ கால்நடை வைத்தியருக்கோ அறிவியுங்கள். நாயின் தலையைப் பனிக்கட்டியில் வைத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கலாம். அப்படி அனுப்புவது நாய்க்குச் செய்யும் அவமரியாதை அல்ல. அதன் மூலம் வீட்டாரும் அயலவரும் காப்பாற்றப்படலாம். கடித்த நாய் உயிரோடு இருந்தால் அடித்துக் கொல்லாமல் கட்டிவைத்து 14 நாட்கள் கவனியுங்கள். ஊசி போடுவதை மட்டும் அதற்காகத் தாமதிக்காதீர்கள், வைத்தியர் முடிவு செய்வார்.

மற்ற நாயும் புதுக் குட்டியும்

வீட்டில் இரண்டு நாய்கள் இருந்து ஒன்று செத்தால் மற்றது தின்னாமல், விளையாடாமல், அதிகம் படுத்துக் கிடப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். 2022 இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வும் இப்படிப்பட்ட மாற்றங்களைப் பதிவு செய்துள்ளது. வழமையான நேரத்தில் சாப்பாடு வையுங்கள், வழமையான இடத்தில் படுக்க விடுங்கள், கொஞ்சம் கூடுதலாகத் தடவிக் கொடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் தின்னாவிட்டால் துக்கம் என்று விடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். இறந்த நாயின் நோயே இதற்கும் தொற்றியிருக்கலாம்.

புதுக் குட்டி எப்போது எடுக்கலாம்? வீட்டில் எல்லோருக்கும் மனம் இசையும்போது. இறந்ததன் இடத்தை நிரப்பவென்று கொண்டுவந்த குட்டியை "அதைப்போல இல்லை" என்று வெறுத்து ஒதுக்கிய வீடுகளையும் கண்டிருக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. முன்னைய நாய் வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகச் செத்திருந்தால் அது பார்வோ வைரசு நோயாக இருக்கலாம். அந்த வைரசு மண்ணில் பல மாதங்கள், ஓர் ஆண்டு வரையும் உயிருடன் இருக்கும். தடுப்பூசி முற்றுப்பெறாத குட்டியை அதே முற்றத்தில் விட்டால் அதுவும் செத்துப்போகும், பிள்ளைகளுக்கு இரண்டாவது துக்கமும் சேரும். குட்டிக்கு விசர்நோய்த் தடுப்பூசியை ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் போடுங்கள்.

அன்று அந்தக் குடும்பம் ரைகரை வளவின் மேற்கு மூலையில், கிணற்றுக்கு எதிர்த்திசையில் அடக்கம் செய்திருந்தது. மண்ணின் மேல் பழைய அத்திவாரத்திலிருந்து எடுத்த நாலு கற்கள். சின்ன மகள் போய் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தாள். தாய் எழுந்து முகம் கழுவி அடுப்பு மூட்டினார். அன்று எங்களுக்குக் கிடைத்தது வெறும் தேநீரும் பனங்கட்டியும். அவரும் எங்களுடன் இருந்து குடித்தார். நான் புறப்படும்போது வீட்டுக்காரர் ஒழுங்கை வரை வந்து, தயங்கித் தயங்கி, விதைநெல் முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடியவில்லை, உங்கள் பெயருக்கு உரியது எடுத்து வைத்திருக்கிறது, நாளைக் காலை வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றேன். காலை ஏழு மணிக்கே கணவனும் மனைவியும் வந்து நின்றார்கள்.